பத்து லட்சம் பிரதிகளில் ஒன்றைப் பிடிப்பது: ஆலு மீள்வரிசையைக் கொண்டு மனித மரபு வேறுபாட்டை ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

மனித மரபணுத்தொகையின் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளில் புரதங்களுக்கான குறிப்பைச் சுமப்பவை 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மொத்தத்தில் சுமார் பாதி, ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் மீள்வரிசைகளால் ஆனது. அவற்றுள் ‘ஆலு’ என்ற ஒரு குடும்பம் மட்டும், சுமார் 300 எழுத்து நீளத்தில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளாகப் பரவி, மரபணுத்தொகையில் பத்தில் ஒரு பங்கை நிரப்பியிருக்கிறது. இந்தப் பத்து லட்சத்தில் ஒரே ஒரு பிரதியை எடுத்து, அது இந்த மனிதரிடம் இருக்கிறதா, அந்த மனிதரிடம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இங்கே நாம் செய்யப்போகும் வேலை.

இந்த வேலைக்கு வழங்கும் ‘மீள்வரிசையைப் பிரித்தெடுத்தல்’ என்ற சொற்றொடர் புதிதாக வருபவர்களை ஓரளவு திசைதிருப்பிவிடுகிறது. மீள்வரிசையையே கொக்கியாக வைத்து இழுத்தால் பத்து லட்சம் பிரதிகளும் சேர்ந்தே வரும். ஊருக்குள் நுழைந்து ‘முருகன் வீடு எது?’ என்று கேட்பதைப் போன்றது அது. தெருப்பெயரும் கதவு எண்ணும் இல்லாமல் வேண்டிய முருகனைக் காண முடியாது. மரபணுத்தொகையில் அந்தக் கதவு எண், மீள்வரிசைக்கு இருபுறமும் நிற்கும், வேறெங்கும் வராத தனித்த வரிசைதான். கீழே வரும் படிகள் எல்லாவற்றிலும் உழைப்பின் பெரும்பகுதி அந்த முகவரியைச் சரியாகப் பிடிப்பதற்கே செலவாகிறது.

எந்த மீள்வரிசை, ஏன்?

மீள்வரிசைகளை முதன்முதலில் பிரித்துக் காட்டியவர்கள் அவற்றின் வரிசையைப் படித்துப் பிரிக்கவில்லை. வேகத்தை வைத்துப் பிரித்தார்கள். ராய் பிரிட்டனும் டேவிட் கோனும் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், சூடாக்கி இரண்டாகப் பிரித்த டி.என்.ஏ. இழைகளை மெல்லக் குளிரவிட்டபோது, ஒரு பகுதி மட்டும் மிக விரைவாகத் தன் ஜோடியைக் கண்டு சேர்ந்துகொண்டது. ஒரே மாதிரியான பிரதிகள் ஏராளமாக இருந்தால் ஜோடி சீக்கிரம் கிடைக்கும். ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்தால் நெடுநேரம் தேட வேண்டும். இணைந்த இழைகளைப் பிடித்துக்கொண்டு தனி இழைகளை விட்டுவிடும் ஹைட்ராக்சிஅபடைட் தூணில் கரைசலைச் செலுத்தினால், விரைவாகச் சேர்ந்த மீள்வரிசைகள் தனியே நின்றுவிடும். இன்றும் ஆய்வகங்கள் விலைக்கு வாங்கும் ‘காட்–1 டி.என்.ஏ.’ என்ற பொருள் இந்த முறையின் நேர் வாரிசு.

மனித வேறுபாட்டை ஆராய இந்த முறை உதவாது. அது தெருக்கூட்டம் முழுவதையும் ஒரே பையில் போட்டுத் தருகிறது. அடுத்த பெரிய அடியை 1984-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரிஸ் வைத்தார். மினிசாட்டிலைட் எனப்படும் அடுக்கு மீள்வரிசைகள், எத்தனை முறை அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதில் ஆளுக்கு ஆள் மாறுகின்றன என்பதைக் கண்டு, டி.என்.ஏ. ரேகையை உருவாக்கினார். நம் நாட்டில் இதே வேலைக்கு வேறு வழி பிறந்தது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட கட்டுவிரியனிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட, ஜி–ஏ–டி–ஏ என்ற நான்கெழுத்து அடுக்கு நிறைந்த ஒரு மீள்வரிசையை, பாம்புகளின் பால்குரோமோசோம்களை ஆராய்ந்துவந்த லால்ஜி சிங், ஹைதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் மனிதர்களுக்கான டி.என்.ஏ. ரேகைக் கருவியாக மாற்றினார். பாம்பின் வரிசை மனிதனை அடையாளம் காட்டியது என்றால் கேட்பவர்கள் நம்ப மறுப்பார்கள். அந்த நான்கெழுத்து அடுக்கு இரு உயிர்களிலும் ஏராளமாக இருப்பதே காரணம்.

அடுக்கு மீள்வரிசைகள் ஒரு தனிமனிதரை அடையாளம் காணச் சிறந்தவை. மக்கள் குழுக்களின் பழைய உறவை ஆராய்வதற்கு அவற்றில் ஒரு தொல்லை உண்டு. சில எழுத்துகளே திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட மைக்ரோசாட்டிலைட் ஒன்றின் அடுக்கு எண்ணிக்கை ஆயிரம் தலைமுறைத் தாவல்களில் ஏறத்தாழ ஒருமுறை மாறிவிடக்கூடியது. ஆகவே இரண்டு பேரிடம் 11 அடுக்கு இருந்தால், அது ஒரே மூதாதையிடமிருந்து வந்ததா, தனித்தனியே மாறி 11-இல் வந்து நின்றதா என்று சொல்ல முடியாது. ஆலு இங்கேதான் உயர்ந்து நிற்கிறது. அது தன்னைப் படியெடுத்து வேறோர் இடத்தில் செருகிக்கொள்ளும் மரபுத் துண்டு; சுயமாக நகரும் திறன் அதற்கு இல்லை, ‘எல்–1’ என்ற இன்னொரு மீள்வரிசையின் நொதிகளைக் கடன் வாங்கித்தான் நகர்கிறது. ஓரிடத்தில் செருகிவிட்டால் துல்லியமாக வெளியேற வழி தெரிவதில்லை. ஒரே எழுத்து இடத்தில் இன்னொரு ஆலு தனியே வந்து செருகும் வாய்ப்பு மிக அரிது. எனவே ஒரு குறிப்பிட்ட செருகல் இருவரிடம் இருந்தால் இருவரும் அதை ஒரே மூதாதையிடமிருந்து பெற்றவர்கள் என்று ஏறக்குறைய உறுதியாகக் கொள்ளலாம். மேலும், ‘செருகல் இல்லாமை’யே பழைய நிலை என்பது ஐயமின்றித் தெரியும். மார்க் பாட்ஸரும் அவருடைய குழுவினரும் 1994-இல், எல்லாச் செருகல்களும் பூச்சிய அளவில் இருக்கும் கற்பனை மூதாதைக் குழு ஒன்றை, மக்கள் குழுக்களின் உறவைக் காட்டும் மரவரைபடத்தில் சேர்த்தபோது, வேர் ஆப்பிரிக்க மக்கள் குழுக்களின் அருகே விழுந்தது. பழைய நிலை தெரியாத குறியீடுகளைக் கொண்டு இதைச் செய்திருக்க முடியாது.

பெயர்க் காரணத்தையும் சொல்லிவிடலாம். அர்த்ரோபாக்டர் லூட்டியஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து கிடைத்த ‘ஆலு–1’ என்ற வெட்டுநொதி, 1970களின் இறுதியில் இந்த 300 எழுத்துத் துண்டை நடுவே வெட்டிக் காட்டியது; கத்தியின் பெயர் காய்க்கு ஆகிவந்துவிட்டது.

படி 1: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

பத்து லட்சத்தில் மிகப் பெரும்பாலானவை, குரங்கினங்களின் மூதாதைகளிடமே பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு செருகப்பட்டு, இன்று எல்லா மனிதரிடமும் ஒரே இடத்தில் நிலைத்துவிட்டவை. எல்லாரிடமும் இருப்பது வேறுபாட்டைக் காட்டாது. சிலரிடம் இருந்து, சிலரிடம் இல்லாமல் போகும் செருகல்கள் சில ஆயிரம் மட்டுமே. அவை இளைய துணைக்குடும்பங்களான ‘ஒய்.ஏ.5’, ‘ஒய்.பி.8’ போன்றவற்றைச் சேர்ந்தவை.

இந்த வழிகாட்டியில் ‘பி.வி.92’ என்ற இடத்தை எடுத்துக்கொள்கிறேன். இது 16-ஆம் குரோமோசோமில், கேடெரின்–13 மரபணுவின் இன்ட்ரான் ஒன்றுக்குள் இருக்கிறது. புரதம் உருவாகும்போது இன்ட்ரான் வெட்டி எறியப்படுவதால் இந்தச் செருகல் உடல்நலத்தில் விளைவு எதையும் உண்டாக்குவதாக அறியப்படவில்லை. மாணவர்கள் தங்கள் சொந்த உயிரணுக்களைக் கொண்டு செய்யும் சோதனைக்கு இந்தப் பண்பு மிக முக்கியமானது. நோயைக் குறிக்கும் இடத்தை ஒருபோதும் வகுப்பறையில் தொடக்கூடாது. குழுவுக்குக் குழு இதன் அளவு வெகுவாக மாறுவதும் ஒரு வசதி.

இந்த இடத்தை மட்டும் படியெடுத்துப் பெருக்கப் பயன்படுவது பி.சி.ஆர். என்ற முறை; பெருக்க வேண்டிய துண்டின் இரு எல்லைகளிலும் பற்றிக்கொண்டு படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. இழைகளே பிரைமர்கள். பிரைமர்களை ஆலுவுக்கு வெளியே, இருபுறமும் உள்ள தனித்த வரிசையில் அமைக்க வேண்டும். பி.வி.92-க்குப் பரவலாகப் பயன்படும் ஒரு பிரைமர் ஜோடி, முறையே 25, 26 எழுத்து நீளமுள்ளது. செருகல் இல்லாத குரோமோசோமிலிருந்து அது சுமார் 415 கார இணை (அதாவது 415 எழுத்து) நீளமுள்ள துண்டையும், செருகல் உள்ள குரோமோசோமிலிருந்து அதைவிட 300-க்குச் சற்று மேல் கூடுதலாக, 700-ஐத் தாண்டிய துண்டையும் தரும். வேறு பிரைமர் ஜோடி வாங்கினால் இந்த அளவுகளும் மாறும். விற்பவரின் தாளில் உள்ள எண்களை மட்டுமே நம்புங்கள். இரண்டு துண்டுகளுக்கும் இடையேயான 300 என்ற இடைவெளி எந்த ஜோடியிலும் மாறாது.

வேறோர் இடத்தைத் தாமே வடிவமைக்க விரும்புவோர், முதலில் அந்தப் பகுதியின் வரிசையை ‘ரிப்பீட்மாஸ்கர்’ மென்பொருளில் இட்டு எல்லா மீள்வரிசைகளையும் மறைத்துவிட்டு, மறையாமல் எஞ்சிய எழுத்துகளுக்குள் மட்டும் பிரைமரைத் தேட வேண்டும். பிறகு கணினியிலேயே முழு மரபணுத்தொகையின் மீதும் பி.சி.ஆர். நடத்திப் பார்க்கும் வசதி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் மரபணுத்தொகை உலாவியில் உள்ளது. அங்கே ஒரே ஒரு விளைபொருள் வந்தால்தான் பிரைமருக்குப் பணம் கட்டலாம். ஒரு பிரைமரின் கால்பகுதி ஆலுவுக்குள் நுழைந்துவிட்டால்கூட, துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் தெளிவான கோட்டுக்குப் பதில் மேலிருந்து கீழ்வரை புகை படிந்தது போன்ற பூச்சு வரக்கூடும்.

படி 2: ஒப்புதலும் எண்ணிடுதலும்

மனிதரிடமிருந்து மாதிரி எடுப்பதற்கு முன் நிறுவனத்தின் நெறிக்குழு ஒப்புதல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் இதற்கு அடிப்படை. பங்கேற்பவருக்கு அவருடைய மொழியில், எதை எடுக்கிறோம், எதைப் பார்க்கிறோம், எதைப் பார்க்கமாட்டோம், மிச்சத்தை என்ன செய்வோம் என்று எழுத்தில் சொல்லிக் கையொப்பம் பெற வேண்டும். மாதிரிகளில் பெயர் எழுதக்கூடாது, எண் மட்டுமே. எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலே இல்லாமல் செய்வது வகுப்பறைக்கு மிகவும் நல்லது.

ஒரு குடும்பத்தினர் பலரின் மாதிரியைச் சேர்ந்து எடுக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதுண்டு. பெற்றோர் இருவரிடமும் செருகல் இல்லாமல், பிள்ளையிடம் இருந்தால், அந்த ஜெல் படம் ஒரு வீட்டுக்குள் எழுப்பும் கேள்விக்கு ஆசிரியரால் பதில் சொல்ல முடியாது. அது குழாய்கள் மாறியதால் வந்த பிழையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றாலும், கேள்வி எழுந்தது எழுந்ததுதான்.

படி 3: கன்ன உயிரணுக்களைச் சேகரித்தல்

உணவு உண்டு அரைமணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வெற்றிலை பாக்கு மென்றவர்கள் பலமுறை வாய் கொப்பளித்த பிறகே தொடங்க வேண்டும். பாக்கிலுள்ள பாலிஃபீனால்கள் பி.சி.ஆர். நொதியைத் தடுக்கும். 0.9 விழுக்காட்டு உப்புக் கரைசல் 10 மில்லிலிட்டரை வாயில் ஊற்றி, 30 விநாடி கன்னத்தின் உட்புறத்தைத் தேய்க்கும்படி வலுவாகக் கொப்பளித்து, சுத்தமான காகிதக் கோப்பையில் துப்பச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மெல்லக் கொப்பளிப்பவர்களின் மாதிரியில்தான் பின்னால் கோடே தெரியாமல் போகும்.

அதிலிருந்து 1 மில்லிலிட்டரை 1.5 மில்லிலிட்டர் குழாய்க்கு மாற்றி, மையவிலக்கியில் முழு வேகத்தில் 90 விநாடி சுழற்றுங்கள். அடியில் வெண்மையான ஒரு படிவு தெரிய வேண்டும். தெரியாவிட்டால், மேல்நீரைக் கொட்டிவிட்டு, கோப்பையிலிருந்து இன்னொரு மில்லிலிட்டரை அதே குழாயில் ஊற்றி மீண்டும் சுழற்றலாம். மேல்நீரை வடித்து, சுமார் 30 மைக்ரோலிட்டர் மிச்சம் வைத்து, படிவை அதிலேயே கலக்குங்கள்.

படி 4: டி.என்.ஏ.வை வெளிக்கொணர்தல்

செலெக்ஸ் என்ற பிசின் மணிகளின் 10 விழுக்காட்டுக் கலவை 100 மைக்ரோலிட்டரில் உயிரணுக்களைச் சேர்த்து, 99 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் சூடாக்குவதே எளிய முறை. வெப்பம் உயிரணுவை உடைக்கிறது, உடைந்ததும் டி.என்.ஏ.வைத் தின்னும் நொதிகள் வெளிவருகின்றன. அந்த நொதிகளுக்கு மக்னீசியம் வேண்டும். அந்த மக்னீசியத்தைச் செலெக்ஸ் மணிகள் பற்றிக்கொள்கின்றன. அவ்வளவுதான் இதன் இயக்கம்.

இதிலிருந்தே இரண்டு எச்சரிக்கைகள் பிறக்கின்றன. மணிகள் நொடியில் அடியில் தங்கிவிடும்; ஆகவே கலவையை ஒவ்வொரு முறை எடுக்கும் முன்பும் குலுக்கி, முனை அகன்ற பிப்பெட் நுனியால் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் மாணவருக்கு மணியும் கடைசி மாணவருக்கு வெறும் நீரும் கிடைக்கும். இரண்டாவது இதைவிடப் பெரியது: சூடாக்கிச் சுழற்றிய பின் மேல்நீரிலிருந்து 30 மைக்ரோலிட்டரை மட்டும் புதிய குழாய்க்கு மாற்றும்போது ஒரு மணிகூட உடன் வரக்கூடாது. பி.சி.ஆர். நொதிக்கும் மக்னீசியம் தேவை. ஒன்றிரண்டு மணிகள் கூட வந்தால் அதையும் பறித்துவிடும். ‘டி.என்.ஏ. எடுத்தேன், ஆனால் கோடு வரவில்லை’ என்ற புகார்களில் பெரும்பகுதியின் காரணம் இந்த மணிகள்தான் என்பது என் கணிப்பு.

இப்படிக் கிடைப்பது தனி இழைகளான, முழுதும் தூய்மையாகாத டி.என்.ஏ. பி.சி.ஆருக்கு அது போதும். வெட்டுநொதி கொண்டு வெட்டவோ ஆண்டுக்கணக்கில் சேமிக்கவோ வேண்டுமானால் சிலிக்கா தூண் முறையை நாட வேண்டும்.

படி 5: பி.சி.ஆர்.

25 மைக்ரோலிட்டர் வினைக்கு: இரட்டைச் செறிவு தயார்க் கலவை (பி.சி.ஆர். நொதியும் அதற்கு வேண்டிய மற்றப் பொருள்களும் சேர்ந்தது) 12.5, பத்து மைக்ரோமோலார் பிரைமர் ஒவ்வொன்றும் 1, டி.என்.ஏ. 2.5, தூய நீர் 8 மைக்ரோலிட்டர். டி.என்.ஏ. நீங்கலாக மற்ற எல்லாவற்றையும் மொத்த வினைகளுக்கும் ஒரே குழாயில் கலந்து, பின் பகிர்ந்து ஊற்றுங்கள். தனித்தனியே கலந்தால் ஒரு மைக்ரோலிட்டர் பிழைகள் குழாய்க்குக் குழாய் வேறுபடும்.

94 டிகிரியில் 2 நிமிடம் தொடக்கச் சூடு. பிறகு 94 டிகிரியில் 30 விநாடி, 68 டிகிரியில் 30 விநாடி, 72 டிகிரியில் 1 நிமிடம் என 35 சுற்றுகள். முடிவில் 72 டிகிரியில் 5 நிமிடம். 68 டிகிரி என்பது வழக்கத்தைவிட உயர்வாகத் தெரியும். மேற்சொன்ன பிரைமர்கள் நீளமானவை என்பதால் அந்த வெப்பத்திலும் பற்றிக்கொள்கின்றன, அதனாலேயே தவறான இடங்களில் பற்றுவதில்லை. வேறு பிரைமருக்கு இந்த எண்ணை அப்படியே வைக்கக்கூடாது.

ஒவ்வொரு தொகுதியிலும் குறைந்தது இரண்டு கட்டுப்பாட்டுக் குழாய்கள் இருக்க வேண்டும்: டி.என்.ஏ.வுக்குப் பதில் நீர் ஊற்றியது ஒன்று. விடை முன்பே தெரிந்த, செருகல் ஒரு பிரதி மட்டும் உள்ளவரின் டி.என்.ஏ. இட்டது ஒன்று. நீர்க்குழாயை வீண்செலவு என்று நினைத்த காலம் எனக்கும் உண்டு. ஒருமுறை பன்னிரண்டு மாதிரிகளும் ஒரே மாதிரி அழகான இரட்டைக் கோடுகளைத் தந்தன. மகிழ்ந்திருந்த வேளையில், உடன் பணியாற்றிய ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக மட்டும் சேர்த்திருந்த நீர்க்குழாயிலும் அதே இரட்டைக் கோடு நின்றது. பன்னிரண்டு பேருடைய விடையாக நான் பார்த்துக்கொண்டிருந்தது என் சொந்த மரபுவகையை. கலவை தயாரித்த கை என்னுடையது. அன்று கையுறையும் இல்லை. மனித டி.என்.ஏ.வை ஆராயும் மனிதரே மிகப் பெரிய மாசு. கலவை தயாரிக்கும் மேசையும் பி.சி.ஆர். முடிந்த குழாய்களைத் திறக்கும் மேசையும் வெவ்வேறாக இருக்க வேண்டும், பிப்பெட்டுகளும் அப்படியே.

படி 6: ஜெல்

100 மில்லிலிட்டர் டி.பி.இ. தாங்கல் கரைசலில் 2 கிராம் அகரோஸ். விளைபொருளில் 10 மைக்ரோலிட்டரை ஒவ்வொரு குழியிலும் இட்டு, ஓரக் குழியில் 100 கார இணை அளவுகோலை வைத்து, 100 வோல்ட்டில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். எத்திடியம் புரோமைடு மரபுமாற்றம் உண்டாக்கக்கூடியது. வகுப்பறையில் தீங்கு குறைந்த மாற்றுச் சாயங்களே போதும். புற ஊதா விளக்கை முகக்கவசம் இன்றிப் பார்க்கக்கூடாது.

படி 7: கோடுகளைப் படித்தல்

நீண்ட துண்டு ஜெல்லில் மெதுவாக நகர்ந்து மேலேயே நிற்கும். ஆகவே மேலே ஒரே கோடு இருந்தால் அவருடைய இரண்டு குரோமோசோம்களிலும் செருகல் உண்டு. கீழே ஒரே கோடு இருந்தால் இரண்டிலும் இல்லை. இரண்டு கோடுகளும் இருந்தால் தாயிடமிருந்து வந்ததிலோ தந்தையிடமிருந்து வந்ததிலோ ஒன்றில் மட்டும் உண்டு, இவர் ஹெட்டிரோசைகஸ். பாடநூல் இங்கே நின்றுவிடும். உண்மையான ஜெல் இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை.

ஹெட்டிரோசைகஸ் மாதிரிகளில் இரண்டு கோடுகளுக்கும் மேலே மங்கலாக மூன்றாவது கோடு ஒன்று அடிக்கடி தோன்றும். மூன்றாவது அல்லீல் (ஒரே இடத்தின் மாற்று வடிவம்) ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணிவிட வேண்டாம். பி.சி.ஆரின் கடைசிச் சுற்றுகளில் நீளமான துண்டின் ஓர் இழையும் குட்டையான துண்டின் ஓர் இழையும் தமக்குள் ஜோடி சேர்ந்துவிடுகின்றன. ஓரங்கள் பொருந்த, நடுவிலுள்ள 300 எழுத்துகள் துணையின்றி வளையமாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அந்த வளையம் ஜெல்லின் கண்ணிகளில் சிக்கிச் சிக்கி நகர்வதால், உண்மையான நீளத்தைவிடப் பெரியதாகத் தோற்றம் தருகிறது. இது தொல்லை என்பதைவிட உதவி என்றே சொல்வேன்: இரண்டு அல்லீல்களும் ஒரே குழாயில் இருந்தால் மட்டுமே இந்தக் கோடு பிறக்கும்.

இதைவிட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத பிழை. பி.சி.ஆர். எப்போதும் குட்டைத் துண்டை விரும்பும். ஒரு மனித உயிரணுவில் சுமார் 6.6 பிக்கோகிராம் டி.என்.ஏ. இருக்கிறது, 10 நானோகிராம் கிடைத்தால் ஏறத்தாழ 1,500 உயிரணுக்களின் அளவு, இரண்டு அல்லீல்களும் தாராளமாகப் பெருகும். மாதிரி வெகுவாக மெலிந்து சில பத்து உயிரணுக்களின் அளவுக்கு வந்துவிட்டால், நீண்ட அல்லீல் முதல் சில சுற்றுகளில் தவறிப்போய், ஹெட்டிரோசைகஸ் ஆன ஒருவர் ‘செருகலே இல்லாதவர்’ போலத் தோன்றிவிடுவார். ஆகவே கீழ்க்கோடு மட்டும், அதுவும் மங்கலாக, தெரியும் மாதிரி ஒவ்வொன்றையும் புதிதாகக் கொப்பளித்து மறுபடி செய்து பார்த்த பிறகே பதிவு செய்யுங்கள். மறுபடியும் மங்கலாகவே வந்தால் ‘படிக்க இயலவில்லை’ என்று எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

ஜெல்லின் அடியில் அளவுகோலின் கடைசிக் கோட்டுக்கும் கீழே நிற்கும் மங்கல் பட்டை, பிரைமர்கள் தமக்குள் ஒட்டிக்கொண்டதன் விளைவு. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

படி 8: எண்ணுதல்

கணக்கு விளங்க ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். 40 பேரில், இரண்டிலும் செருகல் உள்ளவர் 6, ஒன்றில் மட்டும் உள்ளவர் 16, இல்லாதவர் 18. ஆளுக்கு இரண்டு குரோமோசோம் என 80 குரோமோசோம்கள். செருகல் உள்ளவை 12-உம் 16-உம் சேர்ந்து 28. ஆகவே செருகலின் அலைவெண் 28-ஐ 80-ஆல் வகுக்க 0.35, இல்லாமையின் அலைவெண் 0.65.

இந்தக் குழுவில் இந்த இடத்தைப் பொறுத்தவரை மணத்துணைத் தேர்வு தற்செயலானது, இயற்கைத் தேர்வின் அழுத்தம் இல்லை, வெளிக் கலப்பு இல்லை என்றால், ஹார்டி–வெய்ன்பெர்க் விதிப்படி எதிர்பார்ப்பது: 0.35-இன் வர்க்கத்தை 40-ஆல் பெருக்க 4.9 பேர், 0.35, 0.65 இரண்டையும் பெருக்கி இரட்டித்து 40-ஆல் பெருக்க 18.2 பேர், 0.65-இன் வர்க்கத்தை 40-ஆல் பெருக்க 16.9 பேர். கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாடுகளை வர்க்கமாக்கி, எதிர்பார்ப்பால் வகுத்துக் கூட்டினால் கை–வர்க்கம் (chi-square) எனப்படும் விலகல் அளவின் மதிப்பு சுமார் 0.58. மூன்று வகைகள் இருந்தாலும் அலைவெண்ணை நம் தரவிலிருந்தே கணித்ததால் கட்டின்மை எண் (தடையின்றி மாறக்கூடிய எண்களின் எண்ணிக்கை) 2 அன்று, 1. அதற்குரிய 5 விழுக்காட்டு எல்லை, அதாவது தற்செயலாக நூற்றில் ஐந்து முறை மட்டுமே தாண்டப்படும் மதிப்பு, 3.84. நம் மதிப்பு அதற்கு வெகு கீழே இருப்பதால் விதியிலிருந்து விலகல் இருப்பதாகச் சொல்ல இடமில்லை. எதிர்பார்ப்பு எண்களில் ஒன்று 5-க்குக் கீழே இருப்பதைக் கூர்ந்து நோக்குபவர் கண்டிருப்பார். முறைப்படி இங்கே, தோராயத்தைச் சாராமல் நிகழ்தகவை நேரே கணக்கிடும் துல்லியச் சோதனை ஒன்றையே பயன்படுத்த வேண்டும். 40 பேர் என்பது அவ்வளவு சிறிய எண்.

விலகல் வந்தால் என்ன? மாணவர்கள் உடனே இயற்கைத் தேர்வையோ அகமணத்தையோ தேடி ஓடுகிறார்கள். முதலில் ஜெல்லுக்குத் திரும்புங்கள். ஹெட்டிரோசைகஸ் எண்ணிக்கை எதிர்பார்ப்பைவிடக் குறைந்து, ‘இல்லாதவர்’ எண்ணிக்கை கூடியிருந்தால், படி 7-இல் சொன்ன அல்லீல் தவறல்தான் முதல் சந்தேகத்துக்குரியது. அது இல்லை என்று உறுதியான பிறகே அடுத்த விளக்கத்துக்கு வர வேண்டும்: நெடுங்காலம் தமக்குள்ளேயே மணம் செய்துவந்த, அலைவெண் வேறுபட்ட இரண்டு மூன்று குழுக்களை ஒரே வகுப்பாகக் கலந்து எண்ணினாலும் இதே வடிவம் வரும். நம் நாட்டு வகுப்பறை எதிலும் இது நடக்கக்கூடியது.

படி 9: ஒப்பிடுதல்

பி.வி.92 செருகல் ஆப்பிரிக்க, ஐரோப்பிய மக்களில் குறைவாகவும், கிழக்கு ஆசிய மக்களிலும் அமெரிக்கப் பூர்வகுடிகளிலும் மிக அதிகமாகவும் காணப்படுகிறது. இந்தியக் குழுக்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் இடைப்பட்டு நிற்கின்றன. ஒப்பீட்டுக்குப் பொதுவெளியில் கிடைக்கும் நல்ல தரவு, 2015-இல் நிறைவுற்ற ஆயிரம் மரபணுத்தொகைகள் திட்டம். 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் வரிசைகளுள், பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களும் தெலுங்கர்களும், ஹூஸ்டனில் வாழும் குஜராத்தியரும் உண்டு. புலம்பெயர்ந்து வாழ்பவர்களிடம் எடுத்த மாதிரி என்பதால், அந்தத் தமிழர் எண்ணை ஈழத்துக்கோ தமிழ்நாட்டுக்கோ உரியதாக எடுத்துப் பொருத்திவிடக் கூடாது.

ஒரே ஓர் இடத்தின் விடையிலிருந்து தனியொருவரின் பூர்வீகத்தைச் சொல்ல முடியாது. செருகல் இரண்டு பிரதியும் உள்ளவர் சீனராக இருக்க வேண்டியதில்லை. எல்லாக் கண்டங்களிலும் மூன்று வகையினரும் இருக்கிறார்கள், விகிதம்தான் மாறுகிறது. குழுக்களுக்கிடையேயான தொலைவைக் கணக்கிடக்கூட இப்படிப்பட்ட இடங்கள் பல பத்து வேண்டும்.

புதிய இடங்களைத் தேடுவோருக்கு

அறியப்பட்ட இடம் போதாது, மைக்ரோசாட்டிலைட் ஒன்றைத் தாமே பிரித்தெடுக்க வேண்டும் என்போர் செறிவூட்டல் முறையைப் பின்பற்றலாம். தூய டி.என்.ஏ.வை வெட்டுநொதியால் சிறு துண்டுகளாக்கி, இரு முனைகளிலும் வரிசை தெரிந்த இணைப்புத் துண்டுகளை ஒட்டி, சூடாக்கி இழை பிரித்து, பயோட்டின் பொருத்திய ஜி–ஏ–டி–ஏ அடுக்கு இழையோடு கலக்க வேண்டும். அடுக்குள்ள துண்டுகள் அதனோடு ஜோடி சேரும். பயோட்டினை விடாமல் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய காந்த மணிகளைச் சேர்த்து, குழாயைக் காந்தத்தின் அருகே வைத்தால் வேண்டியவை சுவரில் ஒட்டும். மற்றவை கழுவிக்கொண்டு போய்விடும். வெப்பத்தைப் படிப்படியாக உயர்த்திக் கழுவுவதில்தான் கைத்திறன் இருக்கிறது: குறைவாகக் கழுவினால் குப்பை தங்கும், மிகையாகக் கழுவினால் குறுகிய அடுக்குகள் போய்விடும். எஞ்சியதை இணைப்புத் துண்டின் பிரைமரால் பெருக்கி, வரிசை படித்து, அடுக்கின் இருபுறமும் உள்ள தனித்த எழுத்துகளைக் காண வேண்டும். அடுக்கு துண்டின் ஓரத்திலேயே வந்து முடிந்திருந்தால் அது எவ்வளவு அழகான அடுக்காயினும் பயனற்றது. ஒருபுறம் கதவு எண் இல்லை.

வேலை முடிந்த பின்

ஜெல் படத்தையும் எண் வாரியான விடைகளையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சிய உயிரணுக் கரைசல், செலெக்ஸ் மேல்நீர், பி.சி.ஆர். விளைபொருள் எல்லாவற்றையும், ஒப்புதல் தாளில் எழுதிக்கொடுத்தபடி, பங்கேற்றவர்கள் முன்னிலையிலேயே 10 விழுக்காட்டு பிளீச்சிங் கரைசலில் இட்டு அழித்து, அழித்த தேதியை அந்தத் தாளிலேயே குறித்துவிடுங்கள். காகிதக் கோப்பைகளை உயிர்மருத்துவக் கழிவுக்கான பையில் தனியே கட்டி அனுப்ப வேண்டும். சாதாரணக் குப்பைக்கூடையில் போடக்கூடாது.